உலக உறைவிடப் பள்ளியில் சமூக நீதிக் கல்வி: தோட்டப்புறப் பெற்றோரும் மாணவரும் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரையிலும், பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் வரையிலும் படித்தேன். பிறகு உபகாரச் சம்பளம் பெற்று, வெளிநாட்டிலுள்ள அனைத்துலக உறைவிடப் பள்ளி ஒன்றில் இரண்டு ஆண்டுகள் படித்துத் திரும்பினேன். அங்கே சமூக நீதியைப் பற்றி என்ன கற்றுக்கொடுத்தார்கள், அதனால் என்ன பயன் என்று கோயில் மண்டபத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் பலர் தொடர்ந்து கேட்கிறார்கள். அக்கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து விடை எழுதியிருக்கிறேன்.

இது எந்த வகைப் பள்ளி? வசதி படைத்தவர்களுக்கு மட்டுமா?

இவ்வகைப் பள்ளிகளில் பலரும் அறிந்தவை ஐக்கிய உலகக் கல்லூரிகள். ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்ததற்காக 1933இல் சிறையிலடைக்கப்பட்டு, பின்னர் பிரிட்டனில் குடியேறிய கல்வியாளர் கர்ட் ஹான் என்பவரின் எண்ணத்தில் உருவானவை அவை. பகை நாடுகளின் பிள்ளைகள் ஒரே விடுதியில் தங்கிப் படித்தால் போர் மனப்பான்மை குறையும் என்று அவர் நம்பினார். முதல் கல்லூரி 1962இல் வேல்ஸில் திறக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறிச் சட்டங்களை ஏற்காமல் 1963இல் அண்டை நாடான சுவாசிலாந்தில் தொடங்கப்பட்ட வாட்டர்ஃபோர்டு கம்லாபா பள்ளியும் பின்னர் இவ்வமைப்பில் இணைந்தது. நெல்சன் மண்டேலாவின் மகள்கள் படித்த பள்ளி அது.

பெரும்பாலும் 16 வயதிலிருந்து 19 வயதுக்குட்பட்டவர்கள் அனைத்துலகப் பட்டயப் படிப்பு எனப்படும் ஐ.பி. டிப்ளோமாவை இரண்டு ஆண்டுகள் படிக்கிறார்கள். கட்டணம் மிக அதிகம் என்பது உண்மைதான். ஆனால் குடும்ப வருமானத்தைக் கணக்கிட்டு முழு உதவியோ பகுதி உதவியோ தரும் பள்ளிகள் உள்ளன. என் அப்பா செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றும் லோரி ஓட்டுநர். உதவி இல்லாமல் நான் போயிருக்கவே முடியாது.

சமூக நீதி என்று தனிப் பாடம் இருக்கிறதா?

அந்தப் பெயரில் தேர்வுத் தாள் எதுவும் இல்லை. ஆறு பாடங்களில் ஒன்றாக உலக அரசியலைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதிகாரம், உரிமை, சமத்துவம் ஆகியவற்றை முறையாகப் படிக்கிறார்கள். அறிவுக் கோட்பாடு என்ற கட்டாய வகுப்பில், நாம் உண்மை என்று ஏற்றுக்கொண்டவை எவ்வாறு உண்மையாயின என்று ஆராய்கிறோம். ஒவ்வொருவரும் 4,000 சொற்களுக்கு மிகாமல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதவேண்டும். படைப்பு, உடற்பயிற்சி, சேவை ஆகிய மூன்றும் படிப்போடு சேர்ந்தே நடக்கும். இருந்தாலும் நான் கற்றதில் பாதி, இரவு உணவுக்குப் பிறகு விடுதிச் சமையலறையில் நடந்த வாக்குவாதங்களிலிருந்து வந்தது என்றே சொல்வேன். ஓர் ஏழை நாட்டின் கடனைப் பற்றிப் பாடநூலில் படிப்பது ஒன்று. அந்த நாட்டிலிருந்து வந்த தோழி தன் கிராமத்து மருத்துவமனை ஏன் மூடப்பட்டது என்று பாத்திரம் கழுவிக்கொண்டே விளக்குவதைக் கேட்பது வேறொன்று.

வகுப்பில் என்னதான் செய்வீர்கள்? ஓர் எடுத்துக்காட்டுச் சொல்ல முடியுமா?

முதல் பருவத்தில் எங்கள் ஆசிரியை ஒரு பணி கொடுத்தார். சாதாரண மக்கள் அதிகாரத்துக்குப் பணிய மறுத்த நிகழ்ச்சி ஒன்றை அவரவர் நாட்டிலிருந்து கொண்டுவரவேண்டும். அமெரிக்க மாணவர் 1955இல் தொடங்கிய மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பைத் தேர்ந்தெடுத்தார். இந்திய மாணவி 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாகிரகத்தை எடுத்துக்கொண்டார். என் பள்ளிப் பாடநூல்களில் தோட்டத் தொழிலாளர் போராட்டம் எதையும் நான் விரிவாகப் படித்ததில்லை. எனவே பாட்டிக்குத் தொலைபேசியில் பேசினேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் அவர். "துரை எதிர்ல வந்தா சைக்கிள விட்டு எறங்கி ஓரமா நிக்கணும்னு எங்கப்பா சொல்வாரு" என்றார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நூலகத்தில் தேடியபோது, 1941ஆம் ஆண்டு கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியல் கிடைத்தது.

கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தில், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண் தொழிலாளரிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்துதல், உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றோடு ஒரு கோரிக்கை தனித்து நின்றது: வெள்ளைக்காரத் துரையின் முன்னும் கிராணிமார் (தோட்ட எழுத்தர்) முன்னும் தொழிலாளி சைக்கிளில் ஏறிச் செல்லலாம் என்று அனுமதிக்கவேண்டும். அவ்வாண்டு மே மாதம் நாதன் கைதானார். படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

பட்டியலை வகுப்பில் வாசித்து முடித்ததும், இவற்றில் எது பெரிய கோரிக்கை என்று ஆசிரியை கேட்டார். பலரும் கூலி என்றார்கள். ஒவ்வொரு கோரிக்கையையும் ஏற்றால் நிறுவனத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று எழுதிப் பாருங்கள் என்றார் அவர். கூலிக்குச் செலவுண்டு, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செலவுண்டு. சைக்கிளுக்கு ஒரு காசும் செலவில்லை. அப்படியிருந்தும் அது இயல்பாகக் கிடைக்கவில்லை, போராட்டப் பட்டியலில் எழுதிக் கேட்கவேண்டியிருந்தது. ஒரு காசும் செலவில்லாத ஒன்றை ஏன் அவ்வளவு இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்ற கேள்வியில் அன்றைய வகுப்பு முழுவதும் ஓடியது. வறுமையைப் பற்றிப் பேசும்போது பணத்தை மட்டும் எண்ணினால் பாதிதான் தெரியும் என்பது எனக்கு அங்கே விளங்கியது. அன்றுமுதல் எந்தச் செய்தியைப் படித்தாலும், முடிவெடுத்தவர் யார், அந்த முடிவில் வாய் திறக்க முடியாமல் நின்றவர் யார் என்று கேட்கப் பழகிக்கொண்டேன். இந்தப் படிப்பில் எனக்குக் கிடைத்த பெரும் பொருள் அந்தப் பழக்கம்தான்.

தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்தால் ஏளனம் செய்வார்களா?

ஏளனம் செய்தவர் எவருமில்லை. எனக்குச் சங்கடமாக இருந்தது இரக்கம். நன்கொடையாளர்கள் வந்திருந்த மாலை ஒன்றில் என்னைப் பேச அழைத்தார்கள். லயன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டின் ஒழுகும் கூரையையும் அம்மாவின் காய்த்துப்போன கைகளையும் சொல்லி, பள்ளி எனக்குத் தந்த வாய்ப்போடு முடிக்கவேண்டும் என்பது எழுதிக் கொடுத்த வரைவு. அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் கூரை ஏன் ஒழுகுகிறது என்ற கேள்வி அதில் இல்லை.

மூன்று தலைமுறையாக ஒரே தோட்டத்தில் உழைத்த குடும்பத்துக்கு அங்கே ஒரு கல்லும் சொந்தமில்லை. வேலை இருக்கும்வரை வீடு, வேலை முடிந்தால் வெளியேற்றம் என்பதே தோட்டத்து ஏற்பாடு. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டின் தரத்தையும் குடிநீர் போன்ற வசதிகளையும் கட்டாயமாக்குகிறது. அங்கே வாழ்ந்தவருக்கு உரிமையான வீடு என்பது அச்சட்டத்தின் எல்லைக்குள் வருவதில்லை. தோட்டங்கள் வீடமைப்புத் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறும்போது பலர் கையில் சிறு இழப்பீட்டோடு வெளியேறியதற்குக் காரணம் இதுதான். நான் அதைப் பேச விரும்புகிறேன் என்று பொறுப்பாசிரியரிடம் சொன்னேன். சிறிது தயங்கிவிட்டு அவர் ஒப்புக்கொண்டார். கைதட்டல் குறைவாகவே இருந்தது. ஆனால் பேச்சு முடிந்தபின் கென்யாவின் தேயிலைத் தோட்டப் பகுதியிலிருந்து வந்த மாணவன் ஒருவன் என்னைத் தேடி வந்து, தன் ஊரிலும் இதே கதைதான் என்று நெடுநேரம் பேசினான்.

உங்கள் பிள்ளைகள் போனால் அவர்களிடமும் இப்படிப்பட்ட கதையைக் கேட்பார்கள். எந்தப் பகுதியைச் சொல்வது, எதைத் தமக்குள் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

அவ்வளவு கட்டணம் வாங்கும் பள்ளி சமூக நீதி பேசுவது பொருந்துமா?

முழுமையாகப் பொருந்தாது. வசதியான வீட்டுப் பிள்ளைகளின் கட்டணமும் செல்வந்தரின் நன்கொடையும் இல்லாமல் என் போன்றோருக்கு அங்கே இடமில்லை. இந்த முரண்பாட்டை நல்ல ஆசிரியர்கள் மறைக்கவில்லை, வகுப்பிலேயே விவாதத்துக்கு வைத்தார்கள். ஆனாலும் விவாதித்துவிட்டதனால் முரண்பாடு தீர்ந்துவிடுவதில்லை.

நம்மிடையே உள்ள சாதியைப் பற்றி அங்கே பேசுவார்களா?

பேசினார்கள், பேசவும் வேண்டும். நிறவெறியைப் பற்றிய பாடத்தின்போது இந்திய மாணவர் ஒருவர் சாதியை முன்வைத்தார். மலேசியத் தமிழரிடையே அது உண்டா என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இங்கே வந்து சேர்ந்தவர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்பதையும், கப்பலேறி வந்தபின்னும் லயங்களிலும் கோயில்களிலும் பிரிவினை தொடர்ந்ததையும், இன்றும் கல்யாணப் பேச்சு என்றதும் அந்தக் கேள்வி எழுவதையும் சொன்னேன். 1929ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து சுயமரியாதைக் கருத்துகளைப் பேசினார் என்பதை நம் பெரியவர்கள் பெருமையோடு சொல்வார்கள். அந்தப் பெருமை வீட்டுக்குள்ளும் நடைமுறையாக வேண்டும் என்பது என் கருத்து. பிறர் நம்மை நடத்தும் விதத்தில் மட்டும் நீதி கேட்டுவிட்டு, நாம் நம்மவரை நடத்தும் விதத்தைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது.

சேவை என்று எதைச் செய்தீர்கள்?

தொடக்கத்தில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தோம். நல்ல காரியம்தான். எனினும் விடுமுறையில் ஊருக்கு வந்து செய்த பணியில்தான் எனக்குத் தெளிவு பிறந்தது. உலக அரசியல் பாடத்துக்காக, சமூகச் சிக்கல் ஒன்றில் நேரடியாக ஈடுபட்டு அதைப் பற்றி அறிக்கை எழுதவேண்டும். நான் அடையாள ஆவணங்களை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு சிறுவன் இருந்தான். பன்னிரண்டு வயதாகியும் அவனுக்கு மைகார்டு எனப்படும் அடையாள அட்டை கிடைக்கவில்லை. அப்பாவிடம் குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டை இருக்கிறது. அம்மா தோட்டத்திலேயே பிறந்தவர், ஆனால் அவருடைய பிறப்பை யாரும் பதியவில்லை. இருவருக்கும் மாரியம்மன் கோயிலில் ஊரறியத் தாலி கட்டிக் கல்யாணம் நடந்தது. பதிவு மட்டும் செய்யவில்லை. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, முஸ்லிம் அல்லாதவரின் திருமணம் பதிவு செய்யப்படவேண்டும். பதிவு இல்லையென்றால் பிள்ளை திருமண உறவுக்கு வெளியே பிறந்ததாகக் கருதப்படும். அத்தகைய பிள்ளையின் குடியுரிமை அரசியலமைப்பின்படி தாயின் நிலையைப் பின்பற்றும். தாய்க்கு ஆவணமில்லாததால் மகனும் நாடற்றவனானான். தந்தை மலேசியர் என்பதை ஊரே அறிந்திருந்தும் பயனில்லை.

இப்படிப்பட்ட குடும்பங்களுக்காகப் படிவம் நிரப்புவதும், தமிழ்ப்பள்ளிப் பழைய வருகைப் பதிவேட்டில் அம்மாவின் பெயரைத் தேடுவதும், பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் வாக்குமூலத்தை எழுதிச் சத்தியப் பிரமாணமாக்குவதும், தேசியப் பதிவிலாகாவுக்குக் கூட்டிப்போவதும் என் வேலையாயின. இதிலெல்லாம் எனக்கு வழிகாட்டியவர் எங்கள் தோட்டத்தில் பணி ஓய்வு பெற்ற கிராணி ஐயா. எந்த ஆண்டு எந்த லயத்தில் யார் குடியிருந்தார்கள் என்பது அவர் நினைவில் இருந்தது. பள்ளிக்கு அனுப்பிய அறிக்கையில் நான் முதலில் எழுதியது அதைத்தான்: உதவி பெறுபவர்கள் என்று நாம் நினைப்பவர்களிடம்தான் சிக்கலைத் தீர்க்கத் தேவையான அறிவு இருக்கிறது, அதைக் கேட்க அலுவலகத்தில் ஆளில்லை. அந்தச் சிறுவனின் விண்ணப்பம், சிறப்புச் சூழலில் பிள்ளையைக் குடிமகனாகப் பதிய அரசுக்கு இடமளிக்கும் அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் போயிருக்கிறது. முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள்.

இப்போது தோட்டங்களில் வேலை செய்பவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். அவர்களைப் பற்றியும் கற்றீர்களா?

அதை எனக்குக் கற்பித்தவள் என் அறைத்தோழி. அவள் வங்காளதேசத்தைச் சேர்ந்தவள். நான் மலேசியாவிலிருந்து வருகிறேன் என்றதும், தன் சித்தப்பா ஜொகூர் செம்பனைத் தோட்டத்தில் இருப்பதாகச் சொன்னாள். முகவருக்குக் கொடுக்க நிலத்தை அடகு வைத்தார்களாம். அந்தக் கடன் அடையும்வரை அவரால் வேலையை விட்டு வர முடியாது, கடப்பிதழும் முதலாளியிடம் இருக்கிறது என்றாள்.

நான் கங்காணி முறையைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது, உதவி பெற்று வரும் குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடை செய்தது என்று தேதிகளைக் குறித்து வைத்திருந்தேன். ஊரிலிருந்து ஆள் சேர்த்த கங்காணி, வேலைக்கு வந்து நின்ற ஒவ்வொரு தலைக்கும் பெற்ற தலைக்காசைப் பற்றியும் எழுதியிருந்தேன். அதே இரவில் அவள் சொன்னதைக் கேட்டபின், என் கட்டுரை பழங்கதையாக முடிய முடியாது என்று தோன்றியது. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் வகுத்துள்ள கட்டாய உழைப்பின் 11 அறிகுறிகளில் அடையாள ஆவணங்களைப் பறித்து வைத்தலும் கடனால் கட்டிவைத்தலும் உள்ளன. கட்டாய உழைப்பின் அறிகுறிகளைக் காரணம் காட்டி, 2020இல் மலேசியாவின் இரண்டு பெரிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெய்க்கு அமெரிக்கச் சுங்கத்துறை தடை விதித்ததும் நம் நாட்டுத் தோட்டங்களின் நிலையைக் கண்டுதான்.

நம் தாத்தா பாட்டிகள் குடியிருந்த அதே லயங்களில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள். அவர்களை 'பங்களா' என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்குவதை நம் வீட்டுப் பிள்ளைகளிடமும் கேட்கிறேன். இந்த இடத்தில் எனக்குச் சமரசம் இல்லை. நம் பாட்டன் பட்ட துன்பத்துக்கு நியாயம் கேட்பவர்கள், அதே நிரையில் இன்று நிற்பவருக்கும் அதையே கேட்கவேண்டும்.

அங்கே படித்து வரும் எங்கள் பிள்ளை அரசியல் பேசி வம்பில் மாட்டிக்கொள்ள மாட்டாளா?

இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன், ஏனெனில் எங்கள் ஊரில் அதற்கு வரலாறு உண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்தே மலாயாவில் பிரிட்டிஷ் ஆட்சியினரால் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார். சங்கம் என்ற சொல்லையே வீட்டில் தாழ்ந்த குரலில் பேசிய தலைமுறை நம்முடையது. அங்கே நான் கற்றது சத்தம் போடுவதை அன்று, ஆவணத்தைக் காட்டி, சட்டத்தின் பிரிவைச் சொல்லி, அமைதியாகக் கேட்பதை. அம்மாவின் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் பதிவிலாகாவுக்கு அவரும் உடன் வருகிறார்.

தமிழ் மறந்துபோகுமா?

மறக்கவேண்டியதில்லை. ஆசிரியர் இல்லாத மொழியின் இலக்கியத்தையும், பள்ளியின் மேற்பார்வையில் மாணவர் தாமே படித்துத் தேர்வெழுத ஐ.பி. திட்டத்தில் வழி உண்டு. நான் தமிழை அவ்வாறுதான் படித்தேன். விண்ணப்பிக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதாமல் போகலாமா?

எழுதிவிட்டுப் போவதே நல்லது. மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்ற எஸ்.பி.எம். சான்றிதழ் இல்லாவிட்டால், பிற்காலத்தில் இங்கே அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்க விரும்பினால் தடையாகும்.

பெண் பிள்ளையைத் தனியே அனுப்பலாமா?

என்னை அனுப்பினார்கள். விடுதியில் பொறுப்பாசிரியர் குடும்பத்தோடு தங்கியிருந்தார். ஆண் பிள்ளைக்கு எதைக் கேட்டு விசாரிப்பீர்களோ அதையே பெண்ணுக்கும் விசாரியுங்கள்.

அத்தகைய பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகள் இங்கேயே இவற்றைக் கற்க முடியுமா?

முடியும். தேவையானவை பல இங்கேயே இருக்கின்றன. நாடு விடுதலை பெற்ற காலத்தில் பிரிட்டிஷ் நிறுவனங்கள் தோட்டங்களை விற்றபோது, அவை துண்டாடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையும் வீடும் இழந்தனர். அப்போது தொழிலாளரே மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் துன் வீ.தி. சம்பந்தன், நம் சுங்கை சிப்புட்காரர். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை அச்சங்கம் வாங்கியது. நிலத்தை யார் வைத்திருக்கிறார் என்ற கேள்விக்கு நம்மவர் கண்ட விடை அது. எந்த வெளிநாட்டு வகுப்பறையிலும் வைத்து விவாதிக்கத் தகுந்த பாடம்.

தமிழ்ப்பள்ளியில் சனிக்கிழமை காலைகளில் நானும் கிராணி ஐயாவும், இடைநிலைப்பள்ளி மாணவர் சிலரும் உட்கார்ந்திருக்கிறோம். பாதி நேரம் பெரியவர்களின் தோட்ட அனுபவங்களைக் கேட்டு எழுதுகிறோம். மீதி நேரம் ஆவணச் சிக்கலுள்ள குடும்பங்களுக்குப் படிவம் நிரப்புகிறோம். மாணவர் யாரும் வந்து சேரலாம். ஆவணத்துக்காக வருபவர்கள், பெற்றோரின் அடையாள அட்டை, கோயில் கல்யாணப் புகைப்படம் அல்லது அழைப்பிதழ், பிள்ளையின் மருத்துவமனைச் சீட்டு அல்லது தடுப்பூசி அட்டை, அம்மா படித்த பள்ளியின் பெயர் ஆகியவற்றில் எது கையில் இருந்தாலும் கொண்டுவாருங்கள். புதிதாகக் குழந்தை பிறந்த வீடுகளில் 60 நாள்களுக்குள் பிறப்பைப் பதிந்துவிடுங்கள், கல்யாணம் பதியாதவர்கள் அதற்கு முன்பே பதிந்துகொள்ளுங்கள்.